பாட்டியின் பியானோ

பியானோவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சுருதி சேர்க்க வந்தவர், "அரைக் கட்டை இறங்கியிருக்கிறது, ஸார். ஏற்றினால் பழைய தந்திகள் அறுந்துபோகலாம். இறங்கின இடத்திலேயே ஒன்றோடொன்று இசைய வைக்கட்டுமா?" என்றார்.

மகள் முகம் சுளித்தாள். 'ஏ' ஸ்வரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு என்று 1939-இல் லண்டன் மாநாடு விதித்த கணக்கில் நிற்பது அவள் பிடில். பியானோ அதற்கும் மூத்தது. யார் யாருக்கு இணங்குவது? நான்கு தந்தி இருநூறுக்கு இணங்குவதுதான் நியாயம். ஆனால், உலகம் 440-இன் பக்கம் இருக்கிறதே!

எழுபது வயதில் பாட்டியைப் பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தோம். எங்கள் வேளைக்குச் சாப்பாடு, எங்கள் வேளைக்குத் தூக்கம். அன்பினால்தான் செய்தோம். பியானோவும் கூடவே வந்தது. பாட்டி அதைத் திறக்கவே இல்லை. ஒரு வருஷம் இருந்தாள்.

"ஏற்ற வேண்டாம்" என்றேன்.

மகள் ஒன்றும் பேசாமல் பிடிலை எடுத்துப் பிரடையைத் தளர்த்தினாள்.