கைமாறும் கருவிகள்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே வெட்டவெளிகளில் கார்கள் வரிசையாக வந்து நின்றுவிடும். டிக்கியைத் திறந்து, மடக்குமேசையை விரித்து, வீட்டுக்கு வேண்டாதவற்றைப் பரப்புவார்கள்: பீங்கான் தட்டு, குழந்தைகளின் சைக்கிள், பழைய இசைத்தட்டு. மேசைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி கிடக்கும். டார்ச் விளக்கோடு வருகிற சிலர் மேசைமேல் இருப்பதைப் பார்ப்பதே இல்லை. குனிந்து அந்தப் பெட்டிக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். உளி, இழைப்புளி, ரம்பம், மரையாணி முடுக்கி, எல்லாமே ஒரே துரு நிறத்தில்.

அவை அங்கே வந்து சேரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். தச்சுவேலை பார்த்த தாத்தா காலமாகிறார். வீட்டை விற்க வேண்டும், கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். மின்சார இயந்திரங்களோடு வளர்ந்த பேரனுக்கு அந்த இரும்பு எதற்கென்று தெரியாது. தெரிந்தாலும் வைத்துக்கொள்ள இடமில்லை.

தேடுகிறவர் துருவைக் கண்டு பின்வாங்குவதில்லை. மேலோட்டமான துரு வினிகரில் ஊறவைத்தால் விட்டுவிடும். உளியின் தட்டையான பின்பக்கத்தில், வாய்க்கு அருகே, துரு குழிகுழியாக அரித்திருந்தால்தான் கவலை. இரண்டு பரப்புகள் சந்திக்கிற கோடுதான் வாய். தீட்டத் தீட்ட அந்தக் கோடு குழியைத் தொடும்போது வாயில் பொக்கை விழும். ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தகடு கோணியிருக்கிறதா என்று பார்ப்பார். இரும்பு இழைப்புளியானால் அலகு நீட்டுகிற பிளவின் இருபுறமும் விரலால் தடவிப் பார்ப்பார். வார்ப்பிரும்பில் ஒரு விரிசல் விழுந்தால் அதைச் சரிசெய்வது எளிதல்ல.

பிறகு கருவியில் பதிந்த எழுத்துகளை வாசிப்பார். அமெரிக்கச் சந்தைகளிலும் இப்படித்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிரிம்ஃபீல்டு என்ற ஊரில் 1959-ல் தொடங்கிய பழம்பொருள் சந்தை இப்போது ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. அப்படிப்பட்ட சந்தைகளில் கைக்கு அடிக்கடி வருவது ஸ்டான்லி நிறுவனத்தின் இழைப்புளி. அதன் அலகுக்குப் பின்னால் மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருந்து, கடைசித் தேதி 1910 ஏப்ரல் 19 என்று இருந்தால், அது முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டியது. அலகை ஏற்றி இறக்கும் திருகு பித்தளையாக இல்லாமல் கறுப்பு ரப்பராக இருந்தால், அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. பித்தளையைப் போருக்கென ஒதுக்கிய ஆண்டுகள் அவை. லியோனார்டு பெய்லி என்பவரின் காப்புரிமைகளை 1869-ல் ஸ்டான்லி வாங்கியது. அந்த அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. அதனால்தான் நூறு வயதான இழைப்புளிக்கு இன்று கடையில் கிடைக்கும் அலகும் பொருந்துகிறது.

ஆங்கிலேய உளிகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற முத்திரை தென்பட்டால் கை சற்று நிற்கும். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் இருக்கிறார். தன் கடிகாரச் சுருள்வில்லுக்கு ஏற்ற எஃகு கிடைக்காமல், 1740-களில் ஷெஃபீல்டு அருகே களிமண் மூசையில் எஃகை முழுவதுமாக உருக்கி, சீரான எஃகு எடுக்கும் வழியை உருவாக்கியவர் அவர். அந்த எஃகு விலை கூடியது. எனவே பழைய அலகுகளில் வாயை ஒட்டி மட்டும் மெல்லிய எஃகுத் தகட்டை வைத்து, மிருதுவான இரும்போடு அடித்து ஒட்டினார்கள். சிக்கனத்துக்காகச் செய்தது தச்சருக்கு வசதியாகவும் அமைந்தது: எஃகு கூர்மையைத் தாங்கும், இரும்பு சாணைக்கு இணங்கும்.

இன்று கடையில் விற்கும் மலிவான ரம்பங்களில் பெரும்பாலானவற்றின் பற்கள் மின்சூட்டில் கடினப்படுத்தப்பட்டவை. அரம் அவற்றில் வழுக்கிவிடும். மழுங்கினால் எறிவதுதான் வழி. பழைய ரம்பத்தின் பல்லுக்கோ ஒரு முக்கோண அரம் போதும், யாரும் தீட்டிக்கொள்ளலாம். தீட்டக்கூடிய பொருளைச் செய்கிறவர், தான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒருவரையும் மனத்தில் வைத்தே செய்கிறார். அந்த ஒருவர்தான் இன்று டார்ச் விளக்கோடு குனிகிறவர்.

அப்படியானால் அவர் எதற்குக் கடமைப்பட்டவர்? விலையில் தொடங்குகிறது இந்தக் கேள்வி. விற்கிறவருக்கு மதிப்புத் தெரியாது, வாங்குகிறவருக்குத் தெரியும். ஊரெங்கும் கிடைக்கும் ஒரு ஸ்டான்லியைச் சில பவுண்டுக்கு வாங்குவதில் குற்றமில்லை. அதை உயிர்ப்பிக்கும் உழைப்பு வாங்கியவருடையது. லண்டனில் நாரிஸ் நிறுவனம் செய்த இழைப்புளி அப்படியல்ல. அதற்குப் பல நூறு பவுண்டு கொடுக்க ஆள் உண்டு. தாத்தாவைப் பறிகொடுத்த ஒருவரிடமிருந்து அதைச் சில்லறைக் காசுக்கு வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் நடப்பது சாமர்த்தியம் என்று பேசப்படலாம். கருவியை மதிக்கிறவர் அதை வைத்திருந்த குடும்பத்தையும் மதிக்க வேண்டாமா?

விலைக்கு அப்பாலும் கேள்வி தொடர்கிறது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் மர இழைப்புளிகளின் முன்முகத்தில் செய்த பட்டறையின் முத்திரை இருக்கும். சுற்றிலும் வேறு பெயர்களும் பதிந்திருக்கும், சிலவற்றில் இரண்டு, மூன்று. பட்டறையில் பலரோடு வேலை செய்த தச்சர், தன் கருவி மாறிப்போகாமலிருக்க இரும்பு அச்சால் அடித்த பெயர் அது. அவர் கைவிட்டதும் அடுத்தவர் பழைய பெயரை விட்டுவைத்துப் பக்கத்தில் தன் பெயரை அடித்தார். செய்தவர்களின் பெயர்களை டபிள்யூ. எல். குட்மன் 1968-ல் ஒரு நூலாகத் தொகுத்தார். உழைத்தவர்களில் பலருடைய பெயர் அந்த மரத்துண்டைத் தவிர வேறெங்கும் மிஞ்சியிருக்காது. சந்தைக்குக் கொண்டுவருமுன் பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டு அந்தப் பெயர்களைத் தேய்த்துவிடுகிறவர்களைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது. துணியால் துடைத்து எண்ணெய் பூசினால் போதும்.

இவற்றை அலமாரியில் வைத்துக் காப்பதா, மரத்தில் ஓட்டுவதா? பென்சில்வேனியாவின் ஹென்றி சாப்மன் மெர்சர் முதல் வழியைத் தேர்ந்தார். தொல்லியல் அறிஞரான அவர், 1897-ல் தன் பழைய பாணிக் கணப்புக்குச் சாமான் தேடிப்போன இடத்தில், ஒதுக்கிப்போட்ட கருவிகளின் குவியலைக் கண்டார். மண்ணைத் தோண்டி எடுப்பதற்குச் சமமான சான்றுகள் கண்ணெதிரே குப்பையாகின்றன என்று உறைத்தது. அதன்பின் ஆயிரக்கணக்கில் சேர்த்தார். டாய்ல்ஸ்டவுனில் அவற்றுக்காகக் கான்கிரீட்டிலேயே ஓர் அருங்காட்சியகம் எழுப்பினார். பழங்காலத் தச்சுக்கருவிகள் பற்றிய அவருடைய நூல் 1929-ல் வந்தது.

கருவியைச் சிறைவைப்பது பாவம் என்று சொல்கிறவர்களுக்கு இங்கிலாந்தின் ராச்செஸ்டர் நகர அருங்காட்சியகத்திலுள்ள ஒரு பெட்டி பதில் சொல்கிறது. பெஞ்சமின் சீட்டன் என்ற இளைஞருக்கு 1796-ல் அவருடைய தந்தை ஒரு முழுத் தொகுதி தச்சுக்கருவிகளை வாங்கித் தந்தார். மகன் அவற்றுக்கு அழகான பெட்டியும் பட்டியலும் செய்துவைத்தார். கருவிகளை அதிகம் பயன்படுத்தவில்லை. அதனாலேயே அவை அன்றைய வடிவில் இன்றும் இருக்கின்றன. நன்றாக உழைத்த ரம்பம் தீட்டித் தீட்டி அகலம் குறைந்து தேய்ந்துபோயிருக்கும். அதிலிருந்து அசல் அளவை அறிய முடியாது. சீட்டன் பெட்டியிலுள்ள ரம்பங்களை அளந்து, நம் காலத்தில் புதிய ரம்பங்களே செய்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாக் கருவியும் சீட்டன் பெட்டி ஆகாது. ஒரே அளவு ஸ்டான்லிகளை ஒருவர் கொட்டகையில் வரிசையாக அடுக்கினால் அதனால் வரலாற்றுக்குக் கிடைப்பது எதுவுமில்லை. இங்கிலாந்தில் 1979-ல் தொடங்கிய ‘டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ்’ என்ற தொண்டு அமைப்பு, வீடுகளில் கிடந்த கைக்கருவிகளை நன்கொடையாகப் பெற்று, தன்னார்வலர்களைக் கொண்டு துரு நீக்கி, பிடி மாற்றி, கூர்தீட்டி, தான்சானியா, உகாண்டா, கானா போன்ற நாடுகளின் கைவினைஞர்களுக்கு அனுப்பியது. மின்சாரம் எட்டாத பட்டறையிலும் கை இழைப்புளி ஓடும். அரியதை அருங்காட்சியகத்துக்கும், பெயர் பதிந்ததைப் பெயரோடு பாதுகாக்கிறவருக்கும் கொடுக்கலாம். மீதமுள்ள உளியையும் ரம்பத்தையும், தனக்கு வேண்டியது போக, நாளைக் காலை வேலை தொடங்கவிருக்கும் ஒரு தச்சரிடம், முடிந்தால் தீட்டுவதற்கு ஓர் அரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.