விலக்கு என்னும் சொல்

அய்யா துணை.

கப்பலூர் சுற்று வட்டாரத்தில் 'விலக்கு' என்ற சொல் தினமும் புழங்குவது. நெடுஞ்சாலையிலிருந்து ஊர்ப்பாதை பிரியும் இடம் விலக்கு. "விலக்குல இறக்கி விடுங்கண்ணே" என்று நடத்துனரிடம் சொல்லி இறங்குவார்கள். சுங்கச்சாவடியில் உள்ளூர் வண்டிகளுக்கு மக்கள் கேட்டுப் போராடியது கட்டண விலக்கு. மது கூடாது என்று 1937இல் ராஜாஜி சேலத்தில் கொண்டுவந்தது மதுவிலக்கு. 'செய்யாதே' என்பதும் விலக்கு. 'இந்தச் சுமை உனக்கு வேண்டாம்' என்பதும் விலக்கு. அப்படியானால் எந்த விலக்கு தர்மம், எந்த விலக்கு கலி?

சட்டம் சொன்னால் அது தர்மம் ஆகிவிடுமா? 1897இல் நாடார் மக்கள் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் சென்று வழிபட்டார்கள். அது வழக்காகி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வழக்கப்படி அவர்களுக்கு உள்ளே செல்லும் உரிமை இல்லை என்று 1908இல் தீர்ப்பானது. சட்டமும் சமயமும் சேர்ந்தே வாசலை அடைத்தன. 31 ஆண்டுகள் கழிந்து, 1939 ஜூலை 8 அன்று, மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் வைத்தியநாத அய்யர் தாழ்த்தப்பட்டோர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துச் சென்றார். அதே ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது. 1950இல் அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையையே விலக்கி வைத்தது. இத்தனையிலும் சாமி மாறவில்லை. சட்டம்தான் மாறியது.

ஆகவே சட்டத்தையோ பழக்கத்தையோ மட்டும் வைத்து இதை அளக்க முடியாது. விலக்கப்படுவது செயலா, மனிதனா என்று பார்க்க வேண்டும். செயலை விலக்கினால், அதை விட்டவுடன் மனிதன் திரும்பி வரலாம். பிறப்பைக் காட்டி விலக்கினால் அவன் திரும்பி வர வழியே இல்லை. எந்த மனிதனும் தன் பிறப்பை விட்டுவிட்டு வர முடியாதே!

அய்யா வைகுண்டர் வந்த காலத்தில் தென் திருவிதாங்கூரில் ஏழை சாதி மக்கள் தோளில் துண்டு போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது என்று விலக்கு இருந்தது. அது மனிதனை விலக்கியது. அய்யா தலைப்பாகை கட்டி நிமிர்ந்து வணங்கச் சொன்னார். சுவாமிதோப்பில் முத்திரிக் கிணற்றை எல்லாச் சாதியாருக்கும் பொதுவாக வைத்தார். அதே அய்யா உயிர்ப்பலியை விலக்கினார், காணிக்கையை விலக்கினார். அவர் விலக்கியதெல்லாம் செயல். மனிதரில் ஒருவரையும் விலக்கவில்லை.

இது பழைய கதையாகப் போய்விடவில்லை. தாங்கலில் உச்சிப்படிப்பு முடிந்து அன்னதர்மம் நடக்கிறது. குடித்திருந்த ஒருவர் வந்து வரிசையில் நிற்கிறார். விரட்ட வேண்டும் என்கிறார்கள் சிலர். பசிக்கு ஏது விலக்கு என்கிறார்கள் சிலர். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. பெண்களும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் ஒழுங்கு வேண்டும். பசித்தவன் வெறும் வயிற்றோடு திரும்பவும் கூடாது.

"பள்ளியறை முன்னே இன்றைக்கு வேண்டாம் தம்பி, குளித்துத் தெளிந்து நாளைக்கு வா" என்று சொல்வது செயலை விலக்குவது. அப்படிச் சொல்லிவிட்டு அவர் கையில் மரியாதையோடு சோற்றையும் கொடுத்து அனுப்பலாம். "உங்கள் வகையறாவே இப்படித்தான், இனி இந்தப் பக்கம் வராதே" என்று சொன்னால், கமுதியில் அடைத்த வாசலைத் தாங்கலிலும் அடைத்ததாகிவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. திருவிழாவுக்கு அரிசி மூட்டை தந்த பெரியவர் அதே நிலையில் வந்தால் அவருக்கும் அதே சொல்தான். ஏழைக்குத் தடையும் பணக்காரருக்கு விதிவிலக்கும் தந்தால் அது அய்யாவின் நீதி ஆகாது.

சாலையில் விலக்கு என்பது பாதை அடைபடும் இடம் அல்ல, பிரியும் இடம். தவறான பாதையில் போனவரும் அதே விலக்குக்குத் திரும்பி வந்து நல்ல பாதையைப் பிடிக்கலாம். அன்புக்கொடி மக்கள் வைக்கும் விலக்கு ஒவ்வொன்றும் அப்படி இருக்கட்டும்.

அய்யா உண்டு.