சிந்தவிட்ட கதிர்கள்



இந்த மாதச் செய்தியை என்னுடைய ஒரு தப்பை அறிக்கையிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன்னே வேறொரு ஊரில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு விதவைச் சகோதரிக்குச் சபையார் சேர்ந்து பத்து கிலோ அரிசி கொடுத்தோம். நல்ல காரியம்தானே! ஞாயிறு ஆராதனை முடிவில் அவர்களை முன்னாடி கூப்பிட்டு, பையைக் கையில் கொடுத்து, "ஒரு சாட்சி சொல்லுங்க சிஸ்டர்" என்றேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். எனக்கும் மனசு நிறைவாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. சகோதரி விசுவாசத்தில் சோர்ந்துபோனார்கள் என்று உபவாசக் கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கவும் செய்தேன்! பிறகுதான் வீட்டுக்குப் போனேன். அவர்கள் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "அரிசி நல்ல அரிசிதாங்க பாஸ்டர். ஆனா என் பையன்கூட படிக்கிற பிள்ளைங்க எல்லாம் அங்க உட்கார்ந்திருந்தாங்க. அன்னைக்குக் குனிஞ்ச தலை இன்னும் நிமிரல."

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் பிறகு சபைக்கு வரவே இல்லை.

அன்று இரவு ரூத்தின் புஸ்தகம் 2-ம் அதிகாரத்தை வாசித்தேன். ரூத்தும் ஒரு விதவை, மோவாபிலிருந்து வந்தவள். எளியவனுக்கும் பரதேசிக்கும் வயலின் ஓரத்தை விட்டுவைக்க வேண்டும் என்பது லேவியராகமம் 19-ல் உள்ள கட்டளை. போவாஸ் அதோடு நிற்கவில்லை. அரிக்கட்டிலிருந்தே வேண்டுமென்று கொஞ்சம் சிந்தவிடச் சொன்னார், அவளை அதட்டவும் கூடாது என்றார். சொன்னது யாரிடம்? வேலைக்காரரிடம். ரூத்திடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக வேதத்தில் இல்லை. சாயங்காலம் அவள் தட்டி அடித்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை! தான் பொறுக்கினது என்று தலைநிமிர்ந்து மாமியாரிடம் கொண்டுபோனாள்.

ஆதித் திருச்சபையையும் பாருங்கள். அப்போஸ்தலர் 4-ல் நிலத்தை விற்றுக் கொடுத்த பர்னபாவின் பெயர் இருக்கிறது. வாங்கினவர்களில் ஒருவர் பெயராவது இருக்கிறதா? தேடிப் பாருங்கள், இல்லை. பணம் அப்போஸ்தலர் பாதத்தில் வைக்கப்பட்டது, அங்கிருந்து அவனவன் தேவைக்குத் தக்கதாகப் போனது.

"கொடுக்க எங்ககிட்ட என்ன பாஸ்டர் இருக்கு?" என்று சிலர் கேட்கிறீர்கள். மிசோரம் மலைநாட்டுச் சபைகளில் 1910-ம் ஆண்டு தொடங்கிய ஒரு வழக்கம் உண்டு. தாய்மார்கள் ஒவ்வொரு வேளையும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து ஆண்டவருக்கென்று தனியே வைப்பார்கள். அந்தப் பிடியரிசி மிஷனெரி ஊழியத்தையே தாங்கியிருக்கிறது. நம்ம பக்கத்துப் பழைய சபைகளிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை இருந்ததுதான். கேஸ் அடுப்பு வந்த பிறகு மறந்துவிட்டோம்.

வருகிற ஞாயிறு முதல் பின்வாசல் பக்கம் மூடி போட்ட ஒரு டிரம் இருக்கும். ஒரு பிடியோ ஒரு படியோ, போட்டுவிட்டுப் போங்கள். நோட்டு கிடையாது, பெயர் எழுத வேண்டாம். மூத்த சகோதரிகள் இரண்டு பேர் அதைப் பொழுது சாய்ந்த பிறகு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எந்த வீட்டுக்கு என்று எனக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டிருக்கிறேன். என் வாயைப்பற்றி எனக்குத் தெரியும்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்