மூன்றாவது இருக்கை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆஸ்பென் என்று ஒரு மலையூர். பணக்காரர்கள் பனிச்சறுக்கப் போகும் இடம். 2001 மார்ச் 29 மாலை அங்கே இறங்க வந்த வாடகை ஜெட் ஒன்று, ஓடுபாதைக்கு அரை மைல்கூட இல்லாத தூரத்தில் சரிவில் மோதியது. உள்ளே இருந்த 18 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணை அறிக்கையில் இருட்டும் பனிப்பொழிவும் மலையும் வருகின்றன. என்னை விடாதது ஓர் இருக்கை. விமானி அறையில், விமானிகள் இருவருக்கும் பின்னால் மடக்கி விரிக்கிற சின்ன இருக்கை. இறங்குவதற்குச் சற்று முன் பயணி ஒருவர் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். பெல்ட் போட்டுக்கொள்ளச் சொல்லும் பணிப்பெண்ணின் குரல் ஒலிப்பதிவில் இருக்கிறது.

எதற்கு வந்தார், வேடிக்கை பார்க்கவா? விமானம் கிளம்பியதே தாமதம். சூரியன் மறைந்து அரை மணிக்கு மேல் அந்த விமானம் அங்கே இறங்கக் கூடாது என்பது அன்றைய விதி. வேறு ஊருக்குத் திருப்ப நேரலாம் என்றதும், விமானத்தை அமர்த்தியவர் கோபப்பட்டு, ஆஸ்பென்னில்தான் இறங்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். விருந்து ஒன்றுக்கு அவர் நிறையச் செலவு செய்திருந்தது விமானிகளின் பேச்சிலேயே வருகிறது. ஒரு முறைதான் முயல்வோம், முடியாவிட்டால் ரைஃபிள் ஊருக்குப் போய்விடுவோம் என்றும் பேசியிருக்கிறார்கள். நல்ல முடிவுதான். ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் குறித்த உயரத்துக்குக் கீழே போகாமல் மேலே ஏறிவிட வேண்டும். அவர்கள் கீழே போனார்கள்.

என் பெரியப்பாவும் முன்சீட்டுக்காரர்தான். கொடைக்கானல் மலைப்பாதையில் மூடுபனி இறங்கி, டிரைவர் அம்பாசிடரை ஓரங்கட்டியபோது, "முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, பாத்து எடு தம்பி" என்றார். அதட்டவில்லை. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எடுத்தார். போய்ச் சேர்ந்தோம், முதல் பந்தியிலேயே இலையும் கிடைத்தது. அதற்குப் பிறகு பெரியப்பா எந்த மலையிலும் யாரையும் நிற்க விட்டதில்லை. நல்லபடியாகச் சேர்ந்தவரிடம் யார் கணக்குக் கேட்பார்கள்?

கேட்காத அரசனானாலும் பக்கத்தில் இருப்பவர் நல்லதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று வள்ளுவர் அமைச்சு அதிகாரத்தில் சொல்வார். பள்ளியில் மனப்பாடம் செய்தது, பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. ஆஸ்பென்னில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அரசனாகவேகூட இருக்கலாம். யாரென்று அறிக்கை உறுதி செய்யவில்லை. யாராயிருந்தாலும், கூலி கொடுக்கிறவர் பக்கத்து ஆள் பிடரிக்குப் பின்னால் இருக்கும்போது 'முடியாது' என்பது அத்தனை சுலபமா?

விசாரணை வாரியம் விமானிகளின் செயலையே முதல் காரணமாகச் சொன்னது. வாடிக்கையாளரின் நெருக்குதல், துணைக் காரணங்களில் ஒன்று. அந்த வரிசை எனக்கு உறுத்துகிறது. மாற்றி வைத்துப் பார்த்தாலும் உறுத்துகிறது. கைப்பிடி அவர்களிடம்தானே இருந்தது. இருக்கை காலியாக இருந்திருந்தால் மேலே ஏறியிருப்பார்களா? அதையும் சொல்ல முடியவில்லை. சொல்லியனுப்பிய சொல் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டதே.

மழையிலோ பனியிலோ உங்களை ஏற்றிப் போகிறவரிடம், "நிறுத்தணும்னு தோணினா நிறுத்துங்க, லேட்டானா பரவாயில்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.