தகுதியும் இடமும்

தகுதி என்னும் சொல் தமிழில் இரு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. ஒன்றனுள் நுழைவதற்கு வேண்டிய குறைந்த அளவைப் பெற்றிருத்தல் ஒரு பொருள். பிறரினும் மேம்பட்டு விளங்குதல் மற்றொரு பொருள். அன்றாடப் பேச்சில் இவ்விரண்டும் கலந்துவிடுவதால் பெருங்கேடு எதுவும் விளைவதில்லை. ஆயினும், மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவு முடிவுகள் வெளிவரும் நாளில் இந்தக் கலப்பு பல இல்லங்களில் கண்ணீராக மாறுகிறது. இடம் கிடைக்காத பிள்ளையைக் குறித்து, "அவனுக்குத் தகுதி இல்லையாம்" என்று உற்றார் பேசுகின்றனர். பெரும்பாலும் அக்கூற்று உண்மையன்று.

ஆறாம் படிவம் பயின்ற மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட், 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி, எஸ்.டி.பி.எம். தேர்வில் மொத்தத்தில் 2.00 புள்ளிக்குக் குறையாத சராசரி. பொதுப்பாடமாகிய பெங்காஜியான் ஆமிலும் வேறு இரு பாடங்களிலும் குறைந்தது 'சி' நிலை. இவற்றோடு, துறைக்கேற்ற அளவில் மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்வின் முடிவு. இவற்றைப் பெற்றவன் பொதுத் தகுதி பெற்றவன். துறைக்குத் துறை மாறும் சிறப்பு நிபந்தனைகளையும் நிறைவு செய்தானாயின் அவனிடம் குறை கூற எதுவுமில்லை. அதன்பின் தொடங்குவது வேறொரு கணக்கு. கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு எனக் கூட்டி, விண்ணப்பித்தோரை வரிசைப்படுத்துகின்றனர். ஒரு துறையில் அறுபது இடங்கள் இருப்பின், அறுபத்தொன்றாவதாக நிற்பவன் தகுதியற்றவன் ஆகிவிடுவானா? அவனுக்கு முன்னே அறுபது பேர் நின்றனர் என்பது மட்டுமே செய்தி. தகுதியின்மை ஒரு மாணவனைப் பற்றிய கூற்று. இடமின்மை நாட்டைப் பற்றிய கூற்று. நாட்டின் குறையை ஒரு பதின்ம வயதுப் பிள்ளையின் தலைமீது ஏற்றுவது அறமாகாது.

இதனால் தேர்வே வேண்டாம் என்பது முடிவன்று. தேர்வுத்தாள் தந்தையின் தொழிலைக் கேட்பதில்லை. விடையைத் திருத்துபவர் காண்பது தேர்வு எண்ணை மட்டுமே. பால்மரக் காட்டில் உழைத்தவரின் மகளும் மருத்துவரின் மகனும் ஒரே வினாவுக்கு விடை எழுதுகின்றனர். பரிந்துரைக் கடிதம் எழுதித்தர எவரையும் அறியாதிருந்த ஒரு சமுதாயத்திற்கு, தோட்டத்து லயங்களிலிருந்து வெளியேறத் தேர்வு ஒரு வாயிலாக இருந்தது. தேர்வை அடியோடு பழிப்போர் தம் முன்னோர் ஏறிவந்த ஏணியை மறந்தவராவர்.

எனினும், ஒரே வினாத்தாள் என்பதனால் ஒரே ஆயத்தம் என்று ஆகிவிடாது. 1999இல் தொடங்கப்பட்ட மூவெட் தேர்வில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் சோதிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும், வகுப்பறையில் மட்டுமே அதனைக் கேட்கும் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல். அது திறமையை அளக்கிறதா, சூழலை அளக்கிறதா? இரண்டையும் சேர்த்தே அளக்கிறது; பிரித்துக் காட்டும் ஆற்றல் அதற்கில்லை.

திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் இங்கே நினைக்கத்தக்கது. அதன் முதற்குறளில் வரும் தகுதி என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் நடுவுநிலைமை என்றே பொருள் கொள்கிறார். அதே அதிகாரத்தில் வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்குகிறார். பிறவற்றை நிறுக்குமுன் தன்னைச் சமன் செய்துகொள்வது அதன் இயல்பு. நிறுக்கப்படுபவனின் தகுதியைக் கேட்குமுன் நிறுப்பவரின் தகுதியைக் கேட்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

2002இல் மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இன ஒதுக்கீட்டு முறை கைவிடப்பட்டுத் தகுதி அடிப்படையிலான தேர்ந்தெடுப்பு வந்தது. ஆயினும் கோல் ஒன்றாக இல்லை. எஸ்.டி.பி.எம். மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் பொதுத் தேர்வு. 2012 முதல் மூன்று பருவங்களாக நடைபெறுவது. மெட்ரிகுலேஷன் கல்வி அமைச்சின்கீழ் நடப்பது. பெரும்பாலோர் அதனை ஓராண்டில், இரு பருவங்களில் முடிக்கின்றனர். பாடத்திட்டம் வேறு, தேர்வு வேறு, காலம் வேறு. இறுதியில் இரண்டும் 4.00 என்னும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. இரு கோல்களில் நிறுத்த பொருள்களை ஒரே ஏட்டில் பதிந்து, எது கனமானது எனத் தீர்ப்பளிப்பது போன்றதே இது.

மெட்ரிகுலேஷன் கல்விக்கு அறநெறிச் சார்பு இல்லை எனக் கூறவும் இயலாது. பின்தங்கியோரைக் கைதூக்கிவிட ஓர் அரசு தனிவழி அமைப்பது நீதியே. அந்த வழியில் வந்தோரையும் வேறு வழியில் வந்தோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அதற்கு வெறும் தகுதி என்று பெயரிடுவதே பிழை. உதவியை உதவி என்றும் போட்டியைப் போட்டி என்றும் அழைத்தால் எவர் மனமும் இவ்வளவு புண்படாது.

2003 முதல் மெட்ரிகுலேஷன் இடங்களில் 10 விழுக்காடு பூமிபுத்ரா அல்லாதோர்க்குத் திறக்கப்பட்டது. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெறுவோர்க்கு இனபேதமின்றி மெட்ரிகுலேஷன் இடம் வழங்கப்படும் என அரசு 2024இல் அறிவித்தது. பத்துப் பாடங்களில் ஏ பெற்ற பிள்ளையைப் பாராட்டாதவர் யார்? ஆனால், டியூஷன் வகுப்புக்கு வழியின்றி, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு ஏழு ஏ பெற்ற பிள்ளையை அந்த அறிவிப்பு தொடவில்லை. உச்சியில் நிற்பவர்க்கு நீதி செய்வது எளிது; அவரை எவரும் காணத் தவறுவதில்லை. நடுவில் நிற்பவரே கண்ணுக்குப் புலப்படாதவர். தமிழ்ப்பள்ளிகளிலிருந்து சென்ற பிள்ளைகளுள் பலர் அவ்விடத்தில்தான் நிற்கின்றனர்.

அத்தகைய பிள்ளைக்கு ஆசிரியர் பயன்படுத்தும் சொல் சிறு பொருளன்று. நுழைவு முடிவுகள் வெளியானபின், தகுதியிருந்தும் இடம் பெறாதோர் மேல்முறையீடு செய்யச் சில நாள்கள் அளிக்கப்படுகின்றன. தகுதி உண்டு, இடம்தான் இல்லை என்று அறிந்த மாணவன் மறுநாளே விண்ணப்பிக்க அமர்கிறான். தனக்குத் தகுதியே இல்லை என்று நம்பிவிட்ட மாணவன், அந்த நாள்கள் கழியும்வரை அறையை விட்டு வெளியே வருவதில்லை.