விடுமுறை யாருக்குச் சொந்தம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கின்றன. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அரசு விதிக்கும் தடை அது. 2001-இல் 45 நாள்களாகத் தொடங்கி, 2017-இல் 61 நாள்களாக நீண்டது. ஏறத்தாழ அதே நாள்களில்தான் நம் பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. கடலுக்குத் தரும் ஓய்வையேனும் அவர்களுக்குத் தருகின்றோமா?

சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்புக்குச் செல்லவிருந்த என் மகளுக்குக் கோடைக்கால அட்டவணை ஒன்று எழுதினேன். காலையில் கணிதம், பிறகு ஆங்கிலம், மாலையில் கணினி வகுப்பு. சுவரில் ஒட்டியபோது பெருமையாகவே இருந்தது. நின்று படித்தவள், "இதில் எனக்கென்று உள்ள நேரம் எது அப்பா?" என்றாள். விடை சொல்ல இயலவில்லை. அதை எழுதியது என் அன்பா, அச்சமா? அடுத்த வீட்டுப் பிள்ளை முந்திவிடுவானோ என்ற அச்சம், நான் எட்டாததை அவள் எட்ட வேண்டும் என்ற ஆசை, இவை அன்பின் வேடமிட்டு வரும்போது இனங்காண்பது எளிதன்று.

அவ்வாறாயின் பிள்ளைகளை அவர்கள் போக்கிலேயே விட்டுவிடலாமா? அதுவும் அன்பாகாது. நாள் முழுவதும் கைப்பேசியே துணையெனக் கிடக்கும் பிள்ளை சுதந்திரமாக இருப்பதுபோல் தோன்றலாம். உண்மையில் அது தனித்து விடப்பட்டிருக்கிறது.

ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் நிறைவேற்றி, இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. தன்னைப் பற்றிய காரியங்களில் குழந்தை கருத்துரைக்கலாம் என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்து மதிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. பெற்றோரின் வழிகாட்டும் கடமையையும் அது மறுக்கவில்லை. எனவே எல்லையை நாம் வகுப்போம்: செலவு எவ்வளவு, எத்தனை மணிக்குள் வீடு திரும்புவது, வீட்டு வேலையில் பங்கு எது. அவ்வெல்லைக்குள் திட்டத்தைப் பிள்ளையே எழுதட்டும். அது பிழையாகவும் போகட்டும். பிழையைத் திருத்திக்கொள்ளக் கற்பதற்கு விடுமுறையினும் பாதுகாப்பான காலம் வேறில்லை.

என் அட்டவணையைக் கிழித்தேன். மகள் தானே எழுதினாள்: இரு வாரம் ஊரில் பாட்டியிடம் தையல் பழகுவது, பிறகு நூலகம், காலையில் ஒரு மணி நேரம் கணிதம். மீதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. தையல் ஐந்தாம் நாளே நின்றுபோனது. கடிந்துகொள்ள எழுந்த நாவை அடக்கிக்கொண்டேன். ஆனால், என் தாயின் இளமையைக் குறித்து நான் ஒருநாளும் கேட்டறியாத செய்திகளோடு அவள் திரும்பினாள். அடுத்த கோடையில் என் தாய் இல்லை.

பெற்றோரே, இக்கோடைக்கான தாளை எடுக்கும்போது, எழுதுகோலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அருகில் அமர்ந்திருங்கள்.