வரவேண்டாம் என்ற குரு

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு மேற்கே, அதை ஒட்டினாற்போல் பலாக்கொத்து என்றொரு இடம் உண்டு. அண்ணாமலை சுவாமி என்ற சாது அங்கே ஒரு சிறு வீட்டில் 1938 முதல் 1995இல் காலமாகும்வரை வாழ்ந்தார். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகள் அவர் ஆசிரமத்திலேயே இருந்தவர். 1928இல், இருபது வயதைத் தாண்டிய இளைஞராக வந்து சேர்ந்தார். கொஞ்ச காலம் ரமணருக்கு அணுக்கத் தொண்டு செய்தார். பிறகு கட்டட வேலை முழுவதும் அவர் தலையில் விழுந்தது. கோசாலை, சாப்பாட்டுக்கூடம் என்று இன்றைக்கும் நாம் உள்ளே போய் நிற்கிற பல கட்டடங்கள் அவர் மேற்பார்வையில் எழுந்தவை. ரமணர் சொல்வார், இவர் செய்வார். வெயிலில் நாள் முழுக்க ஆட்களோடு நின்றுவிட்டு, இரவில் வந்து அன்றைய வேலையைப் பற்றிச் சொல்வார்.

அப்படிப்பட்டவர் பலாக்கொத்துக்குக் குடிபோன சில ஆண்டுகளில், ஒரு நாள் வழக்கம்போல் தரிசனத்துக்குப் போயிருக்கிறார். ரமணர் துணியை எடுத்துத் தம் முகத்தை மூடிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, நீர் உம் இடத்திலேயே இரும், இங்கே ஏன் வருகிறீர் என்ற பொருளில் பதில் வந்தது. இதை அண்ணாமலை சுவாமியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதன்பின் அவர் ஆசிரமத்துக்குள் போவதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் குரு இருக்கிறார், இவர் போகவில்லை.

இதைப் படித்த நாளிலிருந்து என் மனம் இந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது. அன்று அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? நம்மில் யாராக இருந்தாலும் முதலில் யார் என்னைப் பற்றிக் கோள் மூட்டினார்கள் என்றுதான் தேடியிருப்போம். பத்து வருடம் உழைத்ததற்கு இதுதானா என்று கணக்குப் பார்த்திருப்போம். வேறொரு குருவைத் தேடிப் போயிருப்போம், அல்லது வாசலிலேயே நின்று அழுதிருப்போம். அவர் அந்தச் சொல்லை உபதேசமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். எதைக் கற்றுக்கொள்ள வந்தாரோ அதைப் பயில உட்கார்ந்தார். அந்த வீட்டுக்கு முதுமையில் அவரைத் தேடி உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பலர் வந்தார்கள்.

குருபக்தியைப் பற்றி நாம் சாதாரணமாகப் பேசுவது முழுக்க அருகாமையைப் பற்றித்தான். யார் எத்தனை கிட்டத்தில் உட்கார்ந்தார்கள், யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், யாருக்குத் தம் கையால் பிரசாதம் கொடுத்தார். அருகாமை இனிமையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவரின் பக்கத்தில் இருப்பதையே சாதனை என்று நினைத்துவிட்டால் அவர் சொன்னதைச் செய்யாமலே ஆயுள் முழுவதும் கழித்துவிடலாம். குருவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் தன் முகத்தைப் பார்க்க வேண்டிய வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கலாம்.

ரமணருடைய வழி தொடக்கத்திலிருந்தே கேட்டவரை அவர் பக்கமே திருப்பிவிடுவது. 1896இல் பதினாறு வயதில் மதுரையிலிருந்து புறப்பட்டுத் திருவண்ணாமலை வந்தவருக்கு மனித உருவில் குரு கிடையாது. அருணாசல மலைதான் குரு. 1902 வாக்கில் வருவாய்த் துறை ஊழியரான சிவப்பிரகாசம் பிள்ளை மலைமேல் போய், நான் யார் என்று தொடங்கிச் சில கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை, எழுதிக் காட்டினார். அதுதான் பின்னாளில் 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகமானது. என்னைப் பிடித்துக்கொள் என்று சொல்லும் நூல் அல்ல அது. எழுகிற ஒவ்வொரு எண்ணமும் யாருக்கு என்று பார்க்கச் சொல்கிறது. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், தம்மை யாருக்கும் குரு என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. சடங்கு வைத்து யாருக்கும் தீட்சை தரவில்லை.

அப்படியானால் பக்திக்கு இடமே இல்லையா? எச்சம்மாள் கதை தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மண்டகொளத்தூரைச் சேர்ந்த அந்தப் பெண் இளம் வயதிலேயே கணவரையும் மகனையும் மகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். எங்கு போனாலும் ஆறாத துக்கத்தோடு 1906 வாக்கில் மலையேறி வந்து ரமணர் முன் நின்றார். அவர் ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கியபோது மனத்தின் பாரம் குறைந்திருந்தது. ஊரிலேயே வீடு பிடித்து, தினமும் தம் கையால் சமைத்த உணவை மலைக்குச் சுமந்துபோனார். 1945இல் கண்மூடும்வரை அந்தத் தொண்டு நடந்தது. இடையில் அவர் எடுத்து வளர்த்த பெண்ணும், மணமாகி ஓர் ஆண் குழந்தையைப் பெற்ற பின் இறந்துபோனாள். அந்தச் செய்தியைக் கேட்டு ரமணர் கண்ணீர் விட்டார். எல்லாம் கடந்த ஞானி அழலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கண்ணீர் அவருடைய நூல்களுக்குச் சமமானது.

ஆகவே ஒருவரை விலகி இரு என்றவர், இன்னொருவரின் சோற்றை ஏறத்தாழ நாற்பது ஆண்டு காலம் ஏற்றுக்கொண்டார். யாருக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்தார். இதில் உயர்ந்த பக்தி எது, தாழ்ந்தது எது என்று தரம் பிரிக்க நான் யார்? எச்சம்மாளுக்கு அந்தத் தூக்குப் பாத்திரமே சாதனை. அண்ணாமலை சுவாமிக்கு அந்த மூடிய முகம். அதே ரமணரிடம், இராமநாதபுரத்துக்காரரான முருகனார் என்ற தமிழாசிரியர் 1923இல் வந்தார். பாடுவதுதான் அவருக்குப் பக்தி. அவர் கேட்டுக்கொண்டதால்தான் 'உபதேச உந்தியார்' பிறந்தது, அவர் தூண்டியதால்தான் 'உள்ளது நாற்பது' உருவானது. தாமாக எழுத உட்காராத ஒருவரிடமிருந்து ஒரு மாணவரின் ஆர்வம் அந்த நூல்களைக் கறந்து கொடுத்தது. தாம் கேட்ட உபதேசங்களை 'குருவாசகக் கோவை'யாகத் தொகுத்தபோது முருகனார் அதைக் குருவின் திருத்தத்துக்கே ஒப்புக்கொடுத்தார். தம் புகழுரையைக்கூடக் குரு திருத்தலாம் என்று இருப்பவரிடம் முகஸ்துதி தங்காது.

ஆசிரமச் சமையற்கட்டைப் பற்றி அங்கே வேலை செய்த அம்மாக்கள் விட்டுப்போன நினைவுகளை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். பெரும்பாலும் கைம்பெண்கள். பொழுது சாய்ந்ததும் பெண்கள் ஆசிரமத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்ற விதி இருந்த காலம். கூடத்தில் உட்கார்ந்து தியானம் செய்ய நேரம் கிடைக்கவில்லையே என்று அவர்களுக்கு ஏக்கம். ஆனால் குருவோ விடியற்காலையில் அவர்களுக்கு முன்பே வந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பார். துவையல் அரைப்பார். வீணாக்கினால் பொறுக்க மாட்டார். கீரைத்தண்டும் தோலும்கூடக் குழம்புக்கோ மாட்டுக்கோ போயாக வேண்டும். செய்தித்தாளின் வெற்று ஓரத்தைக் கத்தரித்துத் தைத்துக் குறிப்பேடு செய்தவர் அல்லவா! தமக்கென்று ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறினால் கடிந்துகொள்வார். எல்லாருக்கும் எவ்வளவோ அவ்வளவுதான். அந்த அம்மாக்களுக்குக் கூடத்தில் கிடைக்காதது உரலடியில் கிடைத்தது. எடுத்த காரியத்தில் முழுக் கவனம் வைப்பது, அதில் நான் செய்தேன் என்ற எண்ணம் தலைதூக்கும்போது அதைப் பிடித்துப் பார்ப்பது. கிண்டுகிற கரண்டியை நிறுத்தாமலே இந்தப் பாடம் நடக்கும்.

அப்படியொரு பாடம் பலிப்பதை எங்கள் குடும்பத்திலும் பார்த்திருக்கிறேன். எங்கள் அத்தை ஒருவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஏற்றுக்கொண்ட குரு வேறு, ஊரும் வேறு. ஒரு காலத்தில் வீட்டில் எதற்கெடுத்தாலும் குருவின் பெயரைச் சொல்லியே வாதத்தை முடிப்பார். அந்தக் குரு மறைந்தபோது அத்தை உடைந்துபோய்விடுவார் என்று எல்லாரும் பயந்தோம். அழுதார், பல மாதம் வெளியே போகவில்லை. பிறகு மெல்லப் பேச்சு குறைந்தது. போன பொங்கலுக்குப் போயிருந்தேன். பால் பொங்குகிற நேரத்தில் மருமகள் கைதவறி நெய்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டாள். பழைய அத்தையாக இருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிட்டிருக்க முடியாது. "கால்ல பட்டுச்சாம்மா? தள்ளி நில்லு, வழுக்கும்" என்று சொல்லிவிட்டுத் தாமே பழந்துணியை எடுத்துக் குனிந்தார். அன்று மாலை மருமகள் என்னிடம், "இப்பல்லாம் அத்தை இப்படித்தான் இருக்காங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். அகவளர்ச்சிக்கு இதைவிட நம்பகமான சாட்சியை நான் பார்த்ததில்லை. தியானத்தில் ஒளி தெரிந்தது, உடம்பு லேசானது என்பதெல்லாம் வரலாம், போகலாம். நம் கோபத்தை நித்தமும் வாங்கிக்கொண்டிருந்த ஆள், இப்போது வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இன்று குரு என்று சொல்லிக்கொண்டு வருபவர்களுக்குக் குறைவில்லை, அவர்களிடம் மனம் ஒப்படைத்து நொந்துபோன குடும்பங்களுக்கும் குறைவில்லை. சரணாகதி என்றால் மனச்சாட்சியை வாசலில் கழற்றிவைப்பது என்று பொருளில்லை. பெற்றவரையும் உற்றவரையும் வெட்டிவிடச் சொல்பவரும், கேள்வி கேட்டாலே பக்தி குறைவு என்று கூசவைப்பவரும், கணக்குக் காட்டாத பணத்தையும் தனியறையையும் கேட்பவரும் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் விட்டு எழுந்துவிட வேண்டும். அப்படி எழுவதில் பாவம் எதுவும் இல்லை. நல்ல ஆசிரியர் நம்மைத் தம்மிடமிருந்தே விடுவிக்கிற வேலையைத்தான் முதல் நாளிலிருந்து செய்துகொண்டிருப்பார்.

1949இல் ரமணரின் இடது கையில் வந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சைகள் நடந்தன; குணமாகவில்லை. அழுதவர்களிடம் அவர், இந்த உடம்புக்கு இத்தனை முக்கியத்துவம் கொடுக்கிறீர்களே என்று வியந்திருக்கிறார். 1950 ஏப்ரல் 14 இரவு உடல் அடங்கியது. அதற்குப் பின் பலர் ஆசிரமத்தை விட்டுப் போனார்கள், சிலர் இருந்தார்கள். போனவர்களின் பக்தி குறைவு என்று நான் நினைக்கவில்லை. கற்றதை எடுத்துக்கொண்டு போனவன் எங்கே இருந்தால் என்ன? பலாக்கொத்தில் இருந்தவருக்கு அன்று இழப்பு நேர்ந்திருக்கும், ஆனால் கைவிடப்பட்ட தவிப்பு இருந்திருக்காது என்றே என் மனம் சொல்கிறது. குருவே அவரைப் பல ஆண்டுகள் முன்பிருந்து அதற்குப் பழக்கியிருந்தார்.

யாரையேனும் குருவாக நெஞ்சில் வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தரிசனத்துக்குப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன், உங்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவரை உட்கார வைத்து, நான் கொஞ்சமாவது மாறியிருக்கிறேனா என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.